ஆரஞ்சு ரஃபி மீன்பிடிப்பு

ஆரஞ்சு ரஃபி ஏறத்தாழ 700 முதல் 1,500 மீட்டர் ஆழத்தில் வாழும் செந்நிற மீன். விலங்கியல் பெயர் ஹோப்லோஸ்டெதஸ் அட்லாண்டிகஸ். ஆழ்கடல் மீன்வளம் எவ்வளவு வேகமாகக் கரையும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று குறைவு.

வணிகப் பிடிப்பு 1970-களின் இறுதியில் நியூசிலாந்தின் சாத்தம் ரைஸ் என்னும் கடலடி மேட்டுப் பகுதியில் சூடுபிடித்தது. முட்டையிடும் பருவத்தில் இம்மீன்கள் கடல்மலைகளின் உச்சியிலும் சரிவிலும் பெருந்திரளாகக் கூடும். எதிரொலிக் கருவியால் கூட்டத்தைக் கண்டறிந்து இழுவலையை இறக்கினால், சில நிமிட இழுப்பிலேயே பல டன் கிடைக்கும். வெண்ணிறச் சதைத் துண்டுகள் உறைய வைக்கப்பட்டுப் பெருமளவில் அமெரிக்காவுக்குப் போயின. 1980-களின் இறுதியில் நியூசிலாந்தின் ஆண்டுப் பிடிப்பு 50,000 டன்னைத் தாண்டியது. 1989-ல் டாஸ்மேனியாவுக்குக் கிழக்கே செயின்ட் ஹெலன்ஸ் கடல்மலையில் முட்டையிடும் கூட்டம் கண்டுபிடிக்கப்பட, மறு ஆண்டே ஆஸ்திரேலியப் பிடிப்பு 40,000 டன்னுக்கு மேல் போனது.

மீனின் வயதுதான் கணக்கைக் கவிழ்த்தது. தொடக்கத்தில் இதைச் சாதாரண ஆயுளுள்ள மீன் என்றே எண்ணிப் பிடிப்பளவை வகுத்தனர். செவிக்கல்லில் உள்ள கதிரியக்கத் தனிமங்களை அளந்து 1991-ல் வெளியான ஆய்வு, நூறாண்டைக் கடந்த மீன்களும் இருப்பதைக் காட்டியது. முட்டையிடும் பருவத்தை எட்டவே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆகின்றன. அப்படியானால் முதல் பத்தாண்டின் அமோக விளைச்சல், பல தலைமுறைகளாகச் சேர்ந்திருந்த இருப்பு. ஆண்டுதோறும் பெருகி வருவதன் உபரி அல்ல. நமீபியா 1990-களின் நடுவில், இந்த அனுபவம் கண்முன் இருந்தபோதே, பிடிக்கத் தொடங்கியது. அங்கும் சில ஆண்டுகளிலேயே கூட்டங்கள் சரிந்தன.

மேலாண்மை இல்லாமல் இல்லை. நியூசிலாந்து 1986-ல் கொண்டுவந்த கோட்டா (பிடிப்புப் பங்கு) முறை உலகளவில் பாராட்டப்பட்டது. ஆனால் உரிமையாளரின் பங்கு டன் கணக்கில் நிலையாக வரையறுக்கப்பட்டிருந்ததால், பிடிப்பைக் குறைக்க வேண்டுமானால் அரசே காசு கொடுத்துக் கோட்டாவைத் திரும்ப வாங்க வேண்டியிருந்தது. 1990-ல் அதை மொத்த அளவின் விகிதப் பங்காக மாற்றினார்கள். நல்ல சட்டமும் தவறான உயிரியல் கணக்கின்மேல் நின்றால் பயன் குறைவுதான்.

வலை மீனோடு நிற்கவில்லை. பல நூற்றாண்டுகள் வளர்ந்த குளிர்நீர்ப் பவளத்திட்டுகளையும் அது பெயர்த்தெடுத்தது. அதிகம் இழுக்கப்பட்ட டாஸ்மேனியக் கடல்மலைகளில் வெறும் பாறையே மிஞ்சியிருந்ததை ஆய்வாளர்கள் கண்டனர். 1999-ல் அங்கே ஒரு காப்பகம் அறிவிக்கப்பட்டது. 2007-ல் நியூசிலாந்து தன் பொருளாதார மண்டலத்தில் ஏறக்குறைய 30 விழுக்காட்டைக் கடலடி இழுவைக்கு மூடியது. மூடிய பரப்பில் பெரும்பகுதி இழுவலை எட்டாத ஆழம் என்ற விமர்சனமும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் தன் கடற்பரப்பில் 800 மீட்டருக்குக் கீழே கடலடி இழுவைமீன்பிடிப்பை 2016-ல் தடை செய்தது.

ஆஸ்திரேலியா 2006-ல் இம்மீனைப் பாதுகாப்பைச் சார்ந்த இனமாகப் பட்டியலிட்டது. இருப்பு ஓரளவு மீண்டதாகக் கணித்து, 2015-ல் தன் கிழக்கு மீன்பிடி மண்டலத்தைச் சிறு அளவில் திறந்தது. நியூசிலாந்தின் மூன்று பகுதிகளுக்கு 2016 டிசம்பரில் நிலைத்த மீன்பிடிப்புக்கான எம்.எஸ்.சி. சான்றிதழ் கிடைத்தபோது சூழல் அமைப்புகள் எதிர்த்தன. இருப்பு மதிப்பீட்டின் நம்பகத்தன்மை பற்றிய அந்தத் தகராறு இன்னும் ஓயவில்லை.