கண்ணீர்க் குப்பிகள்

உரோமானியர் காலத்துக் கல்லறைகளில் கிடைக்கும் கண்ணாடிக் கலங்களுள் மிகுதியாகக் காணப்படுவது, விரல் நீளமே உள்ள, கழுத்து ஒடுங்கிய சிறு குப்பியாகும். ஐரோப்பியச் சேகரிப்பாளர்கள் இதற்கு நெடுங்காலமாகக் 'கண்ணீர்க் குப்பி' என்று பெயரிட்டு வழங்கினர். இறந்தவரின் மனைவியும் மக்களும் தம் கண்ணீரை இக்குப்பியில் ஏந்தி, வாயை அடைத்து, ஈமச் சாம்பலின் அருகே வைத்துவிட்டுப் போயினர் என்பது அப்பெயருக்குப் பின்னாலிருந்த கதை. கதைக்கு வேதச் சான்றும் தேடிக்கொண்டனர். தன் கண்ணீரைச் சேர்த்து வைக்குமாறு இறைவனை வேண்டும் 56-ஆம் சங்கீதத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பில் 'குப்பி' எனப் பொருள்படும் சொல் ஆளப்பட்டிருக்கிறது. எபிரேய மூலத்தில் உள்ளதோ தோலால் ஆன பை. தமிழ் விவிலியத்தை மொழிபெயர்த்தவர்கள் 'துருத்தி' என்றே எழுதினர். ஆங்கிலேயரை வழிதவற வைத்த இடத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் வழுவாமல் நின்றனர் என்பதை நம் வட்டத்தார் மகிழ்ச்சியுடன் குறித்துக்கொள்ளலாம்.

பின்னாளில் இத்தகைய குப்பிகளின் அடியில் படிந்திருந்த எச்சங்களை வேதியியலார் ஆராய்ந்தனர். அவர்கள் கண்டவை நறுமண எண்ணெய்களும், களிம்புகளும், ஒப்பனைப் பொருள்களுமே. உடலுக்குப் பூசவும் ஈமத்தில் சொரியவும் வைத்த நறுநெய்க் குப்பிகள் அவை. உயிரோடிருந்தபோது அப்பெண்ணின் ஒப்பனைப் பேழையில் இருந்தவையாகவும் இருக்கலாம்.

கவிஞர்களுக்குக் கண்ணீர்க் கதையை விட்டுக்கொடுக்க மனம் வராது, எனக்கும் வரவில்லை. ஆயினும் இத்துணை அழகிய பொய் எவ்வாறு பிறந்தது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். குப்பியைக் கல்லறையிலிருந்து எடுத்தவன் எதன் பக்கத்தில் அது கிடந்தது என்று குறித்து வைக்கவில்லை. தலைமாட்டில் இருந்ததா, சீப்போடும் மைக்கோலோடும் இருந்ததா, சாம்பல் தாழிக்குள் இருந்ததா என்பதெல்லாம் அவனோடே போயிற்று. வணிகனிடம் வந்தபோது அது ஊரற்ற பொருள். இலண்டனிலோ பாரிசிலோ ஒரு வரவேற்பறையின் கண்ணாடிப் பேழைக்குள் அது நுழைந்தபோது ஊமையாகியிருந்தது. ஊமையின் சார்பில் யாரும் எதையும் பேசலாம் அல்லவா?

பழங்காலத்துக் கண்ணாடி எவ்வாறு மலிந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும். கி.மு. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் கண்ணாடிக் கலம் என்பது பெரும்பாலும் செல்வர் வீட்டுப் பொருள். உருகிய கண்ணாடியை அச்சின்மேல் தொய்யவிட்டும், களிமண் கருவைச் சுற்றிப் பூசியும், குளிர்ந்தபின் தேய்த்தும் மெருகிட்டும் ஒவ்வொன்றாகச் செய்தனர். அந்நூற்றாண்டில் சிரியா, பாலத்தீனக் கரையோரத்தில் யாரோ ஒருவர் குழாயின் முனையில் உருகிய கண்ணாடியைத் தோய்த்து ஊதிப் பார்த்தார். எருசலேமின் பழைய யூதர் குடியிருப்பை அகழ்ந்தபோது கி.மு. 50-ஐ ஒட்டிய காலத்துக் குப்பைக் குழியில், ஊதிப் பழகிய கண்ணாடிக் குழல்களும் அரைகுறைக் குப்பிகளும் கிடைத்தன. ஒரு மூச்சில் ஒரு குப்பி! அடுத்த இரண்டு தலைமுறைகளுக்குள் மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளிலெல்லாம் கண்ணாடி, மண்பாண்டத்தோடு போட்டியிடத் தொடங்கியது. உரோமாபுரியில் ஒரு செப்புக் காசுக்குக் குடிகலம் வாங்கலாம் என்று புவியியலார் ஸ்திராபோ எழுதி வைத்தார். அதே நகரில், நீரோவின் ஆட்சிக் காலத்தில் சிறிய கிண்ணங்கள் இரண்டு 6,000 செஸ்டர்ஸ் காசுக்கு விலை போனதைப் பிளினி குறிக்கிறார். சேகரிப்பு மோகம் அன்றே இருந்ததென்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மூலப்பொருள் எளியதுதான். எகிப்தின் வாதி நத்ரூன் ஏரிப்படுகையில் கிடைக்கும் உவர் உப்பு. பெலூஸ் ஆறு கடலில் கலக்குமிடத்து மணல். அம்மணற்கரையில் கப்பலோட்டிகள் உப்புக் கட்டிகளை அடுப்புக் கற்களாக வைத்துச் சமைத்தபோது கண்ணாடி ஓடி வழிந்தது என்று பிளினி ஒரு கதை சொல்கிறார். அடுப்பின் சூடு அதற்குப் போதாது. ஆனால் அம்மணல் கண்ணாடிக்கு ஏற்றது என்பது மட்டும் உண்மை.

இவ்வளவு மலிந்த பொருள் இன்று ஏன் அரிதாயிற்று? உடைந்த கண்ணாடியை அவர்கள் வீசியெறியவில்லை. மீண்டும் உலையிலிட்டு உருக்கினர். தெருத்தெருவாய்ச் சென்று கந்தகக் குச்சிகளுக்கு மாற்றாக உடைசல்களை வாங்கிய வணிகர்களை மார்ஷியல் என்னும் கவி தம் அங்கதப் பாடல்களில் குறித்திருக்கிறார். நம் தெருக்களில் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் தந்தவர்களை நினைவூட்டும் காட்சி அது. இத்தாலியின் கிராதோ நகரை ஒட்டிய கடலில் 1986-இல் கண்டெடுக்கப்பட்ட உரோமானியக் கப்பலொன்றில், உருக்குவதற்காகக் கொண்டுசெல்லப்பட்ட கண்ணாடி உடைசல் நிறைந்த மரப்பீப்பாய் ஒன்றும் இருந்தது. ஆகவே வீட்டில் புழங்கியது உடைந்தது, உடைந்தது உருகியது. முழுமையாக எஞ்சியவை பெரும்பாலும் இறந்தோருடன் புதைந்தவையே. சிறிதும் சேதமில்லாத உரோமானியக் கலம் ஒன்றைக் காணும்போது, அநேகமாக ஒரு கல்லறை திறக்கப்பட்டிருக்கிறது என்றே கொள்ளவேண்டும்.

அக்கலங்களின் நிறத்தையும் சொல்ல வேண்டும். மயிற்கழுத்தின் நீலமும் பொன்னும் செம்மையும் கலந்து, திருப்பத் திருப்ப மாறும் ஒளி அவற்றின் மேல் ஓடும். பார்த்தவர் மயங்காமலிருக்க முடியாது. அமெரிக்கக் கண்ணாடிக் கலைஞர் டிஃபானி இவ்வொளியைக் கண்டு மயங்கி, 1890-களில் தம் புதிய கலங்களில் அதை வரவழைத்துப் புகழ்பெற்றார். ஆனால் உரோமானியக் கைவினைஞன் அந்நிறத்தைக் கண்டதில்லை. அவன் செய்தது வெளிர்நீலமும் பசுமையும் கலந்த, அல்லது நிறமே இல்லாத தெளிந்த கலம். மண்ணின் ஈரம் நூற்றாண்டுக் கணக்கில் கண்ணாடியிலுள்ள உவர்ப்பை உறிஞ்ச, மேற்பரப்பு வெங்காயத் தோல்போல் மெல்லிய அடுக்குகளாகப் பிரிந்தது. அவ்வடுக்குகளுக்கிடையே ஒளி சிக்கிச் சிதறுவதே அந்த வண்ணம். மருத்துவர் நோக்கில் அது நோய். விரல் பட்டால் வண்ணம் செதிலாக உதிரும். சேகரிப்பாளர்கள் நோய் முற்றிய கலத்துக்கே அதிக விலை தந்தனர். அதனால் வேறு கலத்துச் செதில்களைப் புதுக் குப்பியில் ஒட்டியும், அமிலப் புகையில் காட்டியும் நோயைச் செயற்கையாக வரவழைக்கும் கைகாரர்களும் தோன்றினர்.

சேகரிப்பின் வரலாற்றில் போர்ட்லாந்து குடுவைக்கு நேர்ந்ததைப் போன்ற கதை வேறில்லை. உயரம் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர். கருநீலக் கண்ணாடியின்மேல் வெண்கண்ணாடியைப் போர்த்தி, வெண்மையைச் செதுக்கிச் செதுக்கி மனித உருவங்களை எழுப்பியிருக்கிறான் அதன் கலைஞன். 1600-ஐ ஒட்டி உரோமாபுரியில் கர்தினால் தெல் மோந்தேயின் சேகரிப்பில் அது இருந்தது. அவருக்குப்பின் பார்பரீனி குடும்பம். அக்குடும்பத்துச் சீமாட்டி ஒருவரின் சூதாட்டக் கடனால் ஸ்காட்லாந்து வணிகர் பையர்ஸ். அவரிடமிருந்து நேப்பிள்சில் பிரித்தானியத் தூதராயிருந்த வில்லியம் ஹாமில்டன். 1784-இல் போர்ட்லாந்துக் கோமாட்டி. அவர் மகனிடம் அதை இரவல் பெற்று, ஆண்டுக்கணக்கில் முயன்று, மண்ணில் படியெடுத்தார் வெட்ஜ்வுட் என்னும் பீங்கான் கலைஞர். 1810-இல் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் குடுவை பாதுகாப்புக்காக வைக்கப்பட்டது.

1845 பிப்ரவரி 7-ஆம் நாள் வில்லியம் லாய்டு என்று தன்னைக் கூறிக்கொண்ட இளைஞன் ஒருவன், அருகிலிருந்த கற்சிற்பத்தைத் தூக்கி அக்குடுவையின் மேல் எறிந்தான். அது இருநூறுக்கு மேற்பட்ட துண்டுகளாயிற்று. விலைமதிப்புள்ள பொருளைச் சேதப்படுத்தியதற்குத் தண்டிக்க அன்றைய சட்டத்தில் வழியில்லை; ஐந்து பவுனுக்கு மேற்படாத பொருளுக்கே அது பொருந்தும். ஆகவே குடுவையை மூடியிருந்த பேழையை உடைத்த குற்றத்துக்காக மூன்று பவுன் தண்டம் விதித்தனர். பெயர் சொல்லாத ஒருவர் அத்தண்டத்தைக் கட்டினார். டபிள்டே என்னும் பணியாளர் சில மாதங்களில் குடுவையை ஒட்டிச் சேர்த்துவிட்டார். ஆனால் 37 சிறு சில்லுகளுக்கு இடம் தெரியவில்லை. அவை ஒரு பெட்டியில் அடைபட்டு நூறு ஆண்டுகள் மறக்கப்பட்டுக் கிடந்தன. 1945-இல் அருங்காட்சியகம் குடுவையை விலைக்கே வாங்கியது. அதன்பின் பெட்டி வெளிப்பட, 1948-இல் தொடங்கிய செப்பனிடலில் மூன்று சில்லுகளே இடம் கண்டன. 1980-களின் இறுதியில் நைஜல் வில்லியம்ஸ் முழுவதையும் பிரித்து மீண்டும் ஒட்டியபோதுதான் எஞ்சியவற்றுள் பெரும்பாலானவை பொருந்தின.

ஒரு சில்லின் இடத்துக்காக இத்துணை உழைத்த உலகம், அக்குடுவை எந்த மண்ணிலிருந்து வந்தது என்பதை அறியாது. உரோமாபுரிக்கு வெளியே ஒரு மாமன்னனின் கல்லறையில் கிடைத்தது என்பது பின்னர் வழங்கிய செவிவழிச் செய்தி. அறிஞர் பலர் அதை ஏற்கவில்லை. அதன்மேல் நிற்கும் ஆணும் பெண்ணும் யாவர் என்ற வழக்கு இரண்டு நூற்றாண்டுகளைக் கடந்தும் தீரவில்லை. அது உரோமானியர் காலத்ததே அன்று, மறுமலர்ச்சிக் காலத்து வேலை என்று 2003-இல் ஓர் ஆய்வாளர் வாதிட்டார். பெரும்பான்மையோர் அக்கருத்தை ஏற்கவில்லை. ஆயினும் அப்படி வாதிட இடம் இருந்தது என்பதே கருதத்தக்கது. கல்லறையோடு எடுக்கப்பட்டிருந்தால் ஒரே நாளில் தீர்ந்திருக்கும் வழக்கு.

எல்லாச் சேகரிப்பாளரையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது முறையாகாது. இலண்டனில் 1868-இல் மறைந்த பீலிக்ஸ் ஸ்லேடு 900-க்கும் மேற்பட்ட கண்ணாடிப் பொருள்களைப் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்கு எழுதி வைத்தார். பிரான்சின் ஜூலியன் கிரேயோ, பிறர் குனிந்தும் பாராத உடைந்த துண்டுகளை ஆயிரக்கணக்கில் திரட்டினார். ஃப்ரோனர் 1903-இல் அவற்றுக்கு வண்ணப் படங்களுடன் பட்டியல் வெளியிட்டார். பின்னர் அமெரிக்கச் செல்வர் மார்கன் வாங்க, 1917-இல் அவை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தை அடைந்தன. இத்தகையோர் இல்லாதிருந்தால் பல துண்டுகள் உலைக்கே போயிருக்கும். எனினும் சந்தை வளர்ந்தது. கூண்டுபோல் வலைப்பின்னல் சூழச் செதுக்கிய கண்ணாடிக் கலம் ஒன்று 1979-இல் இலண்டனில் 5,20,000 பவுனுக்கு ஏலம் போயிற்று. அதுவே 2004-இல் 26 இலட்சம் பவுனைத் தாண்டியது. விலை ஏறும் செய்தி எந்த வேலியையும் தாண்டிச் செல்லும். பண்பாட்டுப் பொருள்களின் கள்ள வாணிகத்தைத் தடுக்க யுனெஸ்கோ 1970-இல் உடன்படிக்கை கண்டது. ஆனால் 2011-க்குப்பின் சிரியாவில் போர் மூண்டபோது, ஆப்பமேயா என்ற பழநகரின் நிலத்தை வானிலிருந்து எடுத்த படங்கள், அம்மைத் தழும்புகள் போல் ஆயிரக்கணக்கான குழிகளைக் காட்டின. அங்கே மண்ணைத் தோண்டியவர்களுள் பசித்தவரும் இருந்திருப்பர். அவர்களைக் குறை கூறுமுன், அந்தக் குழியின் மறுமுனையில் யார் இருந்தார் என்று கேட்பதே நேர்மை.

நம் பக்கத்துச் செய்தி ஒன்றும் உண்டு. முசிறிக்கு வந்திறங்கிய சரக்குகளுள் உருப்பெறாத கண்ணாடிக் கட்டியும் இருந்தது என்று எரித்திரேயக் கடற்பயண நூல் பட்டியலிடுகிறது. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், சாடிகளின் உடைசல்களோடும் இத்தாலிய மட்கல ஓடுகளோடும் உரோமானியக் கண்ணாடிக் கிண்ணத்தின் துண்டுகளும் கிடைத்தன. வெளிப்புறத்தில் சிறு தூண்கள்போல் வரிவரியாய்ப் புடைத்த கிண்ணம் அது. பெரியாற்றங்கரைப் பட்டணத்தில் 2007 முதல் நடந்த அகழாய்வுகளிலும் இவ்வகைத் துண்டுகள் கண்டெடுக்கப்பட்டன. ஏலத்தில் வைத்தால் இவற்றை யாரும் சீந்தார். ஆனால் எந்த மண்ணடுக்கில், எந்த ஓட்டின் பக்கத்தில், எத்தனை அடி ஆழத்தில் கிடந்தன என்பது தெரியும். அதனால்தான் சுருங்கிய ஓர் உடைசல், நடுக்கடல் கடந்த ஒரு கிண்ணத்தின் பயணத்தையும் அது நின்ற துறையின் காலத்தையும் கூற முடிகிறது. கறையற்ற முழுக் குப்பியால் அது கூடவில்லை.

முதல் நூற்றாண்டின் முற்பகுதியில் சிடோன் நகரத்துக் கைவினைஞன் என்று கருதப்படும் என்னியோன் என்பவனையும் சொல்லாமல் முடிக்க மனமில்லை. அச்சுக்குள் கண்ணாடியை ஊதி, கொடியும் இலையும் புடைத்தெழும் கலங்களைச் செய்தவன். தான் செய்தது என்று கிரேக்க எழுத்தில் தன் பெயரைப் பொறிப்பான். அவன் கலங்கள் சிலவற்றின் மறுபுறத்தில் இன்னொரு கட்டத்துக்குள் வேறொரு வாசகமும் இருக்கிறது. வாங்குபவர் நினைக்கப்படுவாராக என்பது அதன் பொருள். கண்ணாடிக்கு ஊதியவனும் வாங்கியவனும் எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்கின்றனர். அவன் கலங்கள் இன்று பல நாடுகளின் அருங்காட்சியகங்களில் உள்ளன. பெயர்ப் பலகையில் என்னியோனின் பெயரும், கடைசியாக வாங்கி வழங்கியவரின் பெயரும் தவறாமல் இருக்கும். யாருடைய தலைமாட்டிலிருந்து அது எடுக்கப்பட்டதோ, அந்தப் பெயருக்குப் பெரும்பாலான பலகைகளில் இடமில்லை.