தின்றும் பட்டினி!

மரத்தைத் தின்பது கரையான். செரிப்பது யார்? அதன் குடலில் குடித்தனம் நடத்தும் நுண்ணுயிர்கள்! 1920-களில் அமெரிக்க விஞ்ஞானி கிளீவ்லாந்து ஒரு காரியம் செய்தார். கரையான்களை அழுத்தம் ஏற்றிய ஆக்ஸிஜனில் வைத்தார். அவை பிழைத்துக்கொண்டன, குடலில் இருந்த ஓரணு உயிர்கள் மட்டும் காலி. அப்புறமென்ன... மரத்தைத் தின்று தின்றே பட்டினியில் செத்தன! அந்தக் குடித்தனக்காரர்களைத் திரும்பக் குடியேற்றியதும், பிழைத்தன.

சரி, ஓரணு உயிர்களை விட்டுவிட்டு பாக்டீரியாக்கள்மீது கை வைத்தால்? 2011-ல் வெளியான ரோஸன்காஸ் குழுவின் ஆய்வில், கரையான்களுக்குக் கொடுத்த ஆன்டிபயாடிக் ரிஃபாம்பிசின். நம்மூர் காசநோய் மாத்திரையேதான்! குடல் பாக்டீரியா வகைகள் குறைந்தன. ராணி இட்ட முட்டைகளும் குறைந்தன. மருந்தை நிறுத்திய பிறகும் பாதிப்பு நீடித்ததுதான் வயிற்றைக் கலக்குகிற சேதி. மரத்தில் நைட்ரஜன் சொற்பம். காற்றிலிருந்து அதைப் பிடித்துத் தருவதும் இந்த பாக்டீரியாக்கள்தானே!