அடைக்கலமும் அகதியும்

சிங்கப்பூரின் வடக்கிலுள்ள மார்சிலிங் எந்த மொழிச் சொல்? காதில் விழும்போது ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் குடும்பப் பெயர்போல இருக்கிறது. பக்கத்து செம்பவாங்கில் கடற்படைத் தளக் காலத்துச் சாலைப் பெயர்கள் நிறைய இருப்பதால் அந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கும். ஆனால் இது சீனப் பெயர். ரப்பரும் அன்னாசியும் பயிரிட்டு வட சிங்கப்பூரில் பெரும் நிலக்காரராக விளங்கிய தியோச்சூ வணிகர் லிம் நீ சூன் (1879–1936), தம் முன்னோரின் கிராமப் பெயரை இங்கே இட்டார் என்று சொல்வார்கள். அவருடைய சொந்தப் பெயர் நீ சூன் கிராமமாகி, பிறகு மாண்டரின் உச்சரிப்பில் யீஷூன் நகரமானது. அவர் மகன் பெயரில் சோங் பாங் இருக்கிறது. அப்பன், பிள்ளை, பூர்வீக ஊர் என ஒரு குடும்பத்தின் பெயர்கள் இத்தனை நிலத்தில் பரவியிருப்பது சிங்கப்பூரில் அபூர்வம்.

குடியேறியவர் தம் ஊர்ப் பெயரை எடுத்துவந்து புது மண்ணில் வைப்பது உலக வழக்கம். அதற்குக் கொஞ்சம் நிலம் வேண்டும், அதைவிட முக்கியமாகக் காலம் வேண்டும். இந்த இரண்டும் கிடைக்காதவர்களின் பெயர் என்னவாகிறது என்பதற்கும் மார்சிலிங்கிலிருந்து வெகுதூரம் போக வேண்டியதில்லை.

மார்சிலிங் பெருவிரைவு ரயில் நிலையம் 1996 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூன் மாதம், கிழக்கே செம்பவாங்கில் ஹாக்கின்ஸ் சாலை 25ஆம் எண்ணில் இருந்த முகாம் மூடப்பட்டது. பழைய ராணுவக் குடியிருப்பு அது. 1978 முதல் ஐநா அகதிகள் ஆணையம் அதை நடத்திவந்தது. வியட்நாமிலிருந்து படகேறித் தப்பியவர்களை நடுக்கடலில் கப்பல்கள் மீட்டுக் கொண்டுவரும். மூன்றாம் நாடு ஒன்று 90 நாளுக்குள் இவர்களை அழைத்துக்கொள்வதாக உறுதி தந்தால்தான் கரையிறக்கலாம். ஒரே நேரத்தில் ஆயிரம் பேருக்கு மேல் கூடாது. இந்தக் கணக்கிலேயே முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த முகாமைக் கடந்து போனார்கள். முகாம் வருவதற்கு முன், 1975 மே மாதத்தில், சைகோன் விழுந்ததும் வந்த படகுகளுக்கு அதுவும் இல்லை. உணவு, எரிபொருள், பழுதுபார்ப்பு எல்லாம் கொடுத்து மறுபடி கடலுக்கே அனுப்பிவைத்தார்கள்.

இவர்களைக் குறிக்கச் சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் சொல் இருந்தது. நான்கும் நான்கு கதை சொல்கின்றன. ஆங்கிலத்தின் ‘ரெஃப்யூஜி’ பிரெஞ்சிலிருந்து வந்தது. 1685இல் நான்ட் நகர அரசாணை ரத்தானதும் பிரான்சை விட்டு ஓடிய யூகனோ புராட்டஸ்டண்டுகளுக்கு இட்ட பெயர் அது. புகலைத் தேடியவர் என்று பொருள். மலாயில் ‘பெலாரியான்’. வேர்ச்சொல் ‘லாரி’, அதாவது ஓட்டம். எனவே ஓடிவந்தவர். சீனத்தில் ‘நான்மின்’, இடர்ப்பட்ட மக்கள். ஒன்று போகுமிடத்தைப் பார்க்கிறது, ஒன்று ஓட்டத்தை, மற்றொன்று நேர்ந்த கேட்டை.

தமிழில் நாம் சொல்வது அகதி.

வடமொழியிலிருந்து வந்த சொல். ‘கதி’ என்றால் வழி, போக்கு, சேருமிடம். முன்னால் நிற்கும் ‘அ’ அதை இல்லை என்கிறது. “நீயே கதி” என்று சாமியிடம் சொல்வதும், “கதி கலங்கிப்போச்சு” என்று பயத்தில் சொல்வதும் இந்தக் கதியைத்தான். நிர்க்கதி என்பது அகதிக்கு உடன்பிறந்த சொல். ஆனால் “நிர்க்கதியாக நின்றான்” என்றால் அது ஒரு நேரத்து நிலை, நாளைக்கு மாறலாம். அகதி அப்படியல்ல. அது ஆளின் பெயராகி, அட்டையில் ஏறி, பிள்ளைக்கும் போகிறது. தமிழில் இச்சொல் நெடுங்காலம் ஆதரவற்றவர் யாரையும் குறித்தது. நாடிழந்தவர் என்ற குறுகிய பொருள் பிற்காலத்தது. மலையாளத்தில் பழைய பொருள் அப்படியே நிற்கிறது. அங்கே அகதிமந்திரம் என்றால் ஆதரவற்றோர் இல்லம், நாடு விட்டு வந்தவரோ அபயார்த்தி. செம்பவாங் கடற்படைத் தளத்தில் தமிழரோடு சேர்ந்து வேலை செய்த மலையாளிகள் ஏராளம். ஒரே சொல்லை இரு வீட்டிலும் இரு பொருளில் கேட்டிருப்பார்கள்.

தெலுங்குக்காரர்கள் சொல்வது இன்னும் விசித்திரம்: காந்திசீகுலு. இதுவும் வடமொழிதான். “எந்தத் திசை?” என்ற கேள்வியிலிருந்து பிறந்த சொல். எந்தப் பக்கம் போவதென்று கேட்டபடி ஓடுகிறவர். என்னைக் கேட்டால் இத்தனைக்குள் நேர்மையான பெயர் இதுதான். ஆளை அளக்காமல், அவர் வாயில் வரும் முதல் கேள்வியையே பெயராக்கியிருக்கிறது.

தூய தமிழ்ச் சொல் வேண்டும் என்றவர்கள் ‘ஏதிலி’யைக் கொண்டுவந்தார்கள். ஈழத்தமிழ் எழுத்தில் இது நன்றாக ஊன்றிவிட்டது. இலங்கைத் தமிழ்த் தலைவர் செல்வநாயகத்தின் மகன் எஸ்.சி. சந்திரகாசன் 1984இல் சென்னையில் தொடங்கிய அமைப்பின் பெயரே ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம். ஏதும் இல்லாதவர் என்று பிரித்துப் பொருள் சொல்கிறோம். ஆனால் பழைய தமிழில் ஏதிலார் என்றால் அயலார், சில இடங்களில் பகைவர். பிறர் குற்றத்தைக் காண்பதுபோல் தன் குற்றத்தைக் காண வேண்டும் என்ற குறளில் அந்தப் ‘பிறர்’ ஏதிலார்தான். அகதி என்றால் வழியில்லாதவர், ஏதிலி என்றால் உறவில்லாதவர் அல்லது ஒன்றுமில்லாதவர். வடமொழியை விலக்கியும் இல்லாமை விலகவில்லை.

தமிழில் இதற்கு வேறு சொல்லே இல்லையா என்றால், நிறைய உண்டு. ஆனால் அவை வந்தவரைவிட வரவேற்பவரைப் பற்றிப் பேசுகின்றன. அடைக்கலம், தஞ்சம், புகல். இடைக்காலக் கல்வெட்டுகளில் ‘அஞ்சினான் புகலிடம்’ என்று ஒரு தொடர் வருகிறது. அஞ்சி ஓடிவந்தவனுக்குக் காவல் உண்டு என்று அறிவிக்கப்பட்ட இடம். அதைக் கல்லில் வெட்டி நாட்டினார்கள். வருகிறவன் யார் என்று அத்தொடர் கேட்பதில்லை, அஞ்சியவன் என்றால் போதும். சிலப்பதிகாரத்தில் ஒரு காதைக்கே அடைக்கலக் காதை என்று பெயர். ஊர் விட்டு ஊர் வந்த கண்ணகியைக் கவுந்தியடிகள் மதுரையின் ஆயர் குலத்து மாதரியிடம் ஒப்படைக்கிறார். அங்கே அடைக்கலம் என்பது இடம் மட்டுமல்ல, ஒப்படைக்கப்பட்ட ஆளும்கூட. அடைக்கலப் பொருள் என்றால் நம்பிக் கொடுத்துவைத்தது. கேடு வந்தால் பழி அதை வாங்கிவைத்தவரைச் சேரும். வீட்டு இறவாரத்தில் கூடு கட்டும் சிட்டுக்கு அடைக்கலாங்குருவி என்று பெயர் வைத்தவர்கள் நாம்தான்.

இத்தனை இருந்தும் அலுவலகத்துக்குள் நுழைந்தது அகதிதான். பணிவோடு கைநீட்டும் ஒருவரை அச்சொல் தயாராக வைத்திருக்கிறது, படிவத்துக்கு அது வசதி.

அலுவலகம் ஆட்களுக்குப் பெயர் வைப்பதை மண்டபத்தில் அடுக்கடுக்காகப் பார்க்கலாம். ராமேசுவரம் போகும் வழியில் ‘மண்டபம் கேம்ப்’ என்றே ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. அந்தக் கேம்ப் முதலில் இலங்கை அரசு நடத்தியது. தேயிலை, ரப்பர்த் தோட்டங்களுக்குப் போகும் தமிழரை நோய் பரவாமல் இருக்க நிறுத்திவைத்துச் சோதித்து அனுப்பிய இடம். அப்போது அவர்கள் பெயர் கூலிகள். 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் ஆனது. ஐந்தே கால் லட்சம் பேரை இந்தியாவும், மூன்று லட்சம் பேரை இலங்கையும் ஏற்பதாக எழுதிக்கொண்டார்கள். மிச்சம் ஒன்றரை லட்சத்தை 1974இல் பாதிப்பாதியாகப் பங்கிட்டார்கள். கூலிகளின் பேரப்பிள்ளைகள் கடல் கடந்து திரும்பினார்கள். இந்த முறை அவர்கள் பெயர் தாயகம் திரும்பியோர். பிறந்திராத ஊருக்கு வருவதைத் திரும்புதல் என்று எழுத அரசாங்கத்தால்தான் முடியும். இலங்கையில் இந்தியத் தமிழர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் நீலகிரியின் அரசு தேயிலைத் தோட்டங்களுக்கு வந்ததும் சிலோன்காரர்கள் ஆனார்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் அதே கரையில் இறங்கியவர்கள் அகதிகள். அவர்களுக்குள்ளும் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய், அங்கிருந்து படகேறிய இந்திய வம்சாவளியினர் இருந்தார்கள். பாட்டன் கூலி, சித்தப்பன் தாயகம் திரும்பியோன், பேரன் அகதி. குடும்பம் ஒன்று, கேம்பும் ஒன்று.

பெயர் சூட்டுவது அலுவலகம் என்பதை ஆய்வாளர் ரோஜர் செட்டர் 1991இல் எழுதிய கட்டுரையில் விரிவாகக் காட்டினார். அவர் ஆராய்ந்தது 1974இல் சைப்ரஸ் பிளவுபட்டபோது வீடிழந்த கிரேக்க சைப்ரஸ்காரர்களை. உதவி பெற வேண்டுமானால் ஒருவர் தம் வாழ்க்கையைக் கோப்புக்கு ஏற்றபடி வெட்டிச் சுருக்க வேண்டியிருக்கிறது, சுருங்கிய அந்த வடிவமே பிறகு அவர் அடையாளமாகிறது என்பது அவர் வாதம். அவர் கண்ட இன்னொன்றுதான் எனக்குச் சுவையாகப் படுகிறது. புது வீடு கிடைத்து வசதியான பிறகும் பலர் அகதி என்ற பெயரை விடவில்லை. விட்டால் சொந்த ஊருக்குத் திரும்பும் உரிமையையும் விட்டதாகிவிடும். யூதச் சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட் 1943இல் எழுதியதோ நேர் எதிர்: எங்களை அகதிகள் என்று அழைப்பது எங்களுக்கே பிடிக்கவில்லை, புதிதாய் வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிறோம் என்றார். ஆக, ஒரே பெயர் ஒருவருக்குச் சுமை, இன்னொருவருக்குப் பத்திரம். ஹாக்கின்ஸ் சாலையில் அது பயணச்சீட்டு. அந்தப் பெயர் இருந்தால்தான் ஆஸ்திரேலியாவோ கனடாவோ கூப்பிடும்.

தமிழ்நாட்டில் அது எதுவாக இருந்தது? முகாம்வாசிகளின் பேச்சில் அகதி என்ற சொல்லைவிடக் ‘கேம்ப்’ அதிகம். வருவாய்த் துறையினர் தலை எண்ண வரும் நாளுக்குச் ‘செக்கிங்’ என்று பெயர். மாத உதவித்தொகை அரசு ஏட்டில் பணக்கொடை. முகாமுக்கு வெளியே வாடகை வீட்டில் இருப்பவர் வெளிப்பதிவு. எல்லாவற்றிலும் கொடுமையான பெயர் சிறப்பு முகாம். தடுப்புக் காவலுக்கு வைத்த பெயர் அது. 1991இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு காவல்துறையின் கியூ பிராஞ்ச் கண்காணிப்பு இறுகியபோது இந்தச் சொற்களெல்லாம் கனத்துப்போயின.

2021 ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் 317.40 கோடி ரூபாய்த் திட்டங்களை அறிவித்தார். புதிதாகக் கட்டப்பட வேண்டிய 7,469 வீடுகள் அதில் இருந்தன. பணக்கொடை குடும்பத் தலைவருக்கு 1,000இலிருந்து 1,500 ரூபாயாக உயர்ந்தது. கூடவே அகதிகள் முகாம் என்ற பெயர் போய் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ வந்தது. வெறும் பெயர்ப்பலகை என்று சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்க மாட்டேன். பள்ளிச் சான்றிதழில் அகதி என்ற சொல்லைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைக்கு அதன் எடை தெரியும். ஆனால் ‘முகாம்’ என்ற சொல் அப்படியே நிற்கிறது. நாற்பது ஆண்டு ஒரே இடத்தில் இருந்தபின் அதை ஊர் என்று சொல்ல ஏன் முடியவில்லை?

அலஸ்டர் ஏகர், அலிசன் ஸ்ட்ராங் என்ற இருவர் 2008இல் வெளியிட்ட கட்டுரை இதற்குப் பதில் தேட உதவும். வந்தவர் ஓரிடத்தில் ஒன்றுகலந்துவிட்டாரா என்று பார்க்க வேலை, வீடு, கல்வி, உடல்நலம் ஆகியவற்றை அவர்கள் அளவுகோலாக வைத்தார்கள். மொழியும் அச்சமின்மையும் அதை எளிதாக்குபவை. எல்லாவற்றுக்கும் அடியில் அவர்கள் வைத்தது உரிமையும் குடியுரிமையும். தமிழ்நாட்டு முகாம்களில் மொழி முதல் நாளே இருந்தது. பிள்ளைகள் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போனார்கள். உள்ளூரில் பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். ஐரோப்பிய நகரங்கள் திட்டம் போட்டுத் தேடும் பலவும் இங்கே தானாகவே நடந்திருக்கின்றன. இல்லாதது அடியில் இருக்க வேண்டியது மட்டும்.

அந்த அடித்தளமான சட்டத்துக்குள் போனால் அகதி என்ற சொல்லே கிடையாது. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியாவும் கையெழுத்திடவில்லை, சிங்கப்பூரும் இடவில்லை. இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 2003 திருத்தத்துக்குப் பின் உரிய தாள் இல்லாமல் வந்தவருக்கு ஒரே பெயர், சட்டவிரோதக் குடியேறி. 2019 திருத்தம் மூன்று நாடுகளிலிருந்து வந்த சிலரை அந்தப் பெயரிலிருந்து விடுவித்தது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. 2025 செப்டம்பரில் ஒரு சலுகை வந்தது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவுசெய்த இலங்கைத் தமிழர், கடவுச்சீட்டோ விசாவோ இல்லாததற்காகத் தண்டிக்கப்படமாட்டார்கள். தண்டனை போனது, குடியுரிமை வரவில்லை.

1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியர் என்கிறது சட்டம். முகாமில் பிறந்த ஒருவர் இந்த விதியைப் பிடித்துக்கொண்டு உயர் நீதிமன்றம் வரை போய்க் கடவுச்சீட்டு வாங்கி, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். 1987 ஆகஸ்டில் அதே வரிசை வீட்டில் பிறந்த ஒருவருக்கு விதி வேறு. பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால், கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு நாளும் போயிராத அவர் படிவத்தின் நாடு என்ற கட்டத்தில் எழுத வேண்டியது: இலங்கை.