ஜீப்பில் ஏறிய பீரங்கி

துப்பாக்கியும் வண்டியும் வெவ்வேறு பட்டறைகளில் பிறந்தவை. எனினும் இரண்டின் வரலாற்றுக்கும் ஆணிவேர் ஒன்றே. ஒரு பாகம் மற்றொரு பாகத்தோடு எவ்வாறு பொருந்துகிறது என்னும் கேள்வியே அது. தாராவி, செம்பூர் முதல் கழிமுகத்துக்கு அப்பாலுள்ள சான்பாடா வரை பரவி வாழும் நம்மவருள், பிட்டர்களாகவும் லேத் பட்டறைத் தொழிலாளராகவும் வாழ்வைத் தொடங்கியோர்க்கு இக்கேள்வி புதிதன்று.

பதினெட்டாம் நூற்றாண்டில் துப்பாக்கியின் விசைப்பொறியைத் தொழிலாளி ஒவ்வொன்றாக அரத்தால் தேய்த்தே பொருத்தினான். ஒன்றின் பாகம் மற்றொன்றுக்கு உதவாது. போர்க்களத்தில் ஒரு சிறு வில் முறிந்தால் துப்பாக்கி வெறுங்கழியாகிவிடும். இக்குறையைத் தீர்க்க முனைந்தவர் பிரான்ஸ் நாட்டு ஒனோரே பிளாங்க். 1785இல் அவர் ஐம்பது விசைப்பொறிகளைக் கழற்றி, பாகங்களைத் தனித்தனியே அடுக்கி, அங்கே அமெரிக்கத் தூதராயிருந்த தாமஸ் ஜெபர்ஸன் முன் வைத்தார். கைக்கு அகப்பட்டவற்றை எடுத்து ஜெபர்ஸன் தாமே சிலவற்றைக் கோத்துப் பார்த்தார். யாவும் பிசகின்றிப் பொருந்தின.

அந்நெறி வளர்ந்து தந்த பயன்களுள் ஒன்று ஜீப். 1940இல் பாண்டம் நிறுவனம் முதல் மாதிரியைச் செய்தளித்தது. பின்னர் உலகப் போரில் வில்லிஸும் போர்டும் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளைக் கட்டின. ஒரு நிறுவனத்தின் பாகம் மற்றதன் வண்டியில் பொருந்தியதால், பழுதான இரண்டைக் கொண்டு ஓடும் வண்டி ஒன்றை உண்டாக்க முடிந்தது. நாடு விடுதலை பெற்ற காலத்தை ஒட்டி, பெட்டிகளில் பாகங்களாக வந்த வில்லிஸ் ஜீப்புகளை மகீந்திரா நிறுவனம் பம்பாயிலே மஜகாவில் கோத்து வெளியிடலாயிற்று.

ஆனால் வார்த்தெடுத்த ஒரே அளவு எல்லா வேளைக்கும் போதுமா? ஜீப்பின் மீது 106 மில்லிமீட்டர் பின்னுதைப்பற்ற பீரங்கியை ஏற்ற வேண்டியபோது, தனிப் பொருத்தம் தேவைப்பட்டது. பீரங்கியின் எடை சுமார் 210 கிலோ. நீளம் மூன்று மீட்டருக்கும் மேல். வண்டியோ கால் டன் சுமைக்கென வகுக்கப்பட்டது. வெடிவாயுவின் ஒரு பகுதி பின்புறமாக வெளியேறுவதால் உதைப்பு தணிந்தது. வண்டி அதைத் தாங்கிற்று. நீண்ட குழாய் படுத்திருக்க, முன்கண்ணாடியை இரு கூறாக்கி நடுவே இடம் விட்டனர். இதில் மற்றொரு செய்தியும் உண்டு. அப்பீரங்கியின் உண்மையான விட்டம் 105 மில்லிமீட்டரே. முந்தைய 105 மில்லிமீட்டர் பீரங்கியின் குண்டுகளோடு கலந்துவிடாதிருக்கவே 106 என்று பெயரிட்டனர். பொருந்தாத குண்டு கைக்கு வந்தால் உயிருக்கே கேடன்றோ!

இந்த இணைப்பின் மதிப்பை 1965 செப்டம்பரில் பாரதம் கண்டது. பஞ்சாபின் கேம்கரண் பகுதியில், அஸல் உத்தர் போரில், கிரனேடியர் படையின் ஹவில்தார் அப்துல் ஹமீது ஜீப்பின் மேலிருந்த பீரங்கியால் எதிரியின் டாங்கிகள் பலவற்றை அழித்தார். இரும்புக் கவசம் பூண்ட டாங்கியின் முன்னே அவருடைய வண்டிக்குக் கவசமே இல்லை. சுட்டவுடன் இடம் மாறும் விரைவே அதன் காப்பு. செப்டம்பர் 10ஆம் நாள் அவர் வீரமரணம் எய்தினார். பரம்வீர் சக்கரம் அவருக்கு அளிக்கப்பட்டது. அவருடைய தீரத்துக்கு ஈடில்லை. அத்தீரம் நம்பி நின்றதோ, பெயர் தெரியாத தொழிலாளர் முடுக்கிய போல்ட்டுகளை.

சான்பாடாவில் இன்று மின்ரயில் பணிமனை இயங்குகிறது. அங்கும் அயலிலுள்ள தொழிற்பேட்டைகளிலும் அளவுகருவியும் அரமும் இன்னும் அருகருகே இருக்கின்றன. பொது அளவு நாட்டுக்குப் பெருக்கம் தருகிறது; தனிப் பொருத்தம் இடுக்கண் வேளையில் கைகொடுக்கிறது. இவ்விரண்டையும் அறிந்த கைகளை நாம் போற்றுவோமாக.