விவாக அதிகாரிகள், டொராண்டோ

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் விவாகம் செய்துவைக்கும் அதிகாரம் எளிதில் பொதுவுடைமை ஆகிவிடவில்லை. டொராண்டோ நகரத்துத் தமிழ்க் குடும்பங்கள் இன்று தங்கள் குருக்களைக் கொண்டே சட்டபூர்வமாக மணம் நடத்த இயல்வது, அறுபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்த ஓர் உரிமைப் போராட்டத்தின் பயனாகும்.

அப்பிரதேசம் மேல் கனடா என விளங்கிய காலத்தில், 1793ஆம் வருஷத்துச் சட்டம் இங்கிலாந்துத் திருச்சபைக் குருமார்க்கே அவ்வதிகாரத்தை அளித்து, 18 மைல் தூரத்துக்குள் அத்தகைய குரு ஒருவரும் இல்லாத இடங்களில் மட்டும் சமாதான நீதிபதி மணம் முடித்துவைக்க இடங்கொடுத்தது. 1798இல் லூதரன், கால்வினிய, ஸ்காட்லாந்துச் சபைகளின் குருமார், தம் சபையார் எழுவரை உடனழைத்துக்கொண்டு நீதிமன்றத்தின்முன் தோன்றி அநுமதி பெறலாயினர். குடியேற்றந்தோறும் குதிரையேறிச் சென்று ஊழியம் புரிந்த மெதடிஸ்ட் போதகர்களோ, ஜனங்களின் அபிமானத்தைப் பெற்றிருந்தும், 1831 வரை காத்திருக்க நேர்ந்தது பெரும் அநீதியே. சகல மதப் பிரிவினரின் குருமார்க்கும் அவ்வுரிமை 1857இல் கிட்டியது. 1867ஆம் வருஷத்து அரசியலமைப்பு, விவாகத்தை நிறைவேற்றும் முறையை மாகாணங்களின் பொறுப்பில் வைத்தது.

1983க்குப்பின் ஈழத்திலிருந்து பெருந்தொகையினராக வந்து ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரத்திலும் குடியமர்ந்த தமிழர், பொன்னுருக்கு முதல் தாலிகட்டு வரை யாழ்ப்பாண முறை வழுவாது அநுஷ்டித்து வருகின்றனர். மாகாணத்தில் பதிவுபெற்ற குருக்கள் சடங்கையும் சட்டத்தையும் ஒருங்கே நிறைவேற்றுவார். பதிவு பெறாதவராயின், எழுத்து எனப்படும் விவாகப் பதிவு வேறோர் அதிகாரிமுன் தனியே நடைபெற வேண்டும். சடங்கே விவாகம், எழுத்து வெறுங்காகிதம் என்பாரும் உளர். மனைவி, மக்களின் உரிமைகளைக் கருதுங்கால் அக்கொள்கை ஏற்கத்தக்கதன்று. விவாக அநுமதிப்பத்திரம் 90 நாள் செல்லும். சாட்சிகள் இருவர் வேண்டும். தாலி ஏறியபின், மணவறையின் அருகிலேயே, குங்குமம் படிந்த விரல்களால் தம்பதியர் கையொப்பமிடும் பத்திரத்தை அதிகாரி தண்டர் பே நகரத்துத் தலைமைப் பதிவாளர் அலுவலகத்துக்கு அனுப்புவார். சமயச் சடங்கு வேண்டாதார் நகர மண்டபத்திலும் மணம் புரியலாம்.

மண்டபம், மணவறை அலங்காரம், சாப்பாடு, நாதஸ்வரம் ஆகியவற்றை ஒழுங்கு செய்யும் ஏற்பாட்டாளர்களும் இப்போது உளர். ஓமப்புகையால் தீ எச்சரிக்கை மணி ஒலிக்காதிருக்க மண்டபத்தாரிடம் முன்னரே பேசிவைப்பதும் அவர்தம் பணிகளுள் ஒன்று. குருக்களை அமர்த்துவோர், முகூர்த்தம் குறிக்குமுன்பே, அவர் பெயர் மாகாணத்தின் பதிவேட்டில் உள்ளதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.