உபரி

உபரி என்பது தேவைக்கு அல்லது வரையறுக்கப்பட்ட ஓர் அளவுக்கு மேலாக எஞ்சி நிற்பதைக் குறிக்கும் சொல் ஆகும். ஆங்கிலத்தில் வழங்கும் சர்ப்ளஸ் என்னும் சொல்லுக்கு ஈடாகத் தமிழில் இச்சொல் பயன்படுத்தப்படுகிறது. பொருளியல், வேளாண்மை, நீர் மேலாண்மை, நிலச் சட்டம், அரசு நிர்வாகம் ஆகிய துறைகளில் இது கலைச்சொல்லாக உள்ளது. எந்த அளவுடன் ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தே ஒன்று உபரியா இல்லையா என்பது முடிவாகிறது. உபரி செல்வமாகவும் அமையலாம், சுமையாகவும் அமையலாம். இவ்விரண்டுக்கும் செட்டிநாட்டின் வரலாறு தெளிவான எடுத்துக்காட்டாகும்.

சொற்பிறப்பும் ஒத்த சொற்களும்

உபரி வடமொழியிலிருந்து வந்த சொல். வடமொழியில் இதற்கு "மேலே" என்பது பொருள். சர்ப்ளஸ் என்னும் சொல் பழைய பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. "மேல்", "அதிகம்" என்னும் பொருளுடைய இரு இலத்தீன் சொற்கள் அதன் மூலமாகும். ஆகவே இரு மொழிகளிலும் ஒரு கோட்டுக்கு மேலே இருப்பது என்னும் கருத்தே அடிப்படையாக உள்ளது.

உபரிக்கு நெருங்கிய பொருளுடைய தமிழ்ச் சொற்கள் சிலவற்றுக்கு இடையே நுட்பமான வேறுபாடுகள் உண்டு.

மிச்சம் - செலவு போக எஞ்சியது. சிக்கனத்தால் சேர்ந்தது என்னும் குறிப்பும் இதில் உண்டு.
மிகுதி - அளவில் கூடுதலாக இருப்பது. நன்மை தீமை என்ற சார்பு இதில் இல்லை.
மிகை - அளவைக் கடந்தது. குற்றம் என்னும் பொருளும் இதற்கு உண்டு.
எச்சம் - எஞ்சி நிற்பது. இலக்கணத்தில் பெயரெச்சம், வினையெச்சம் என வழங்கும்.

நன்னூல் கூறும் பத்து வகை நூற்குற்றங்களுள் "மிகைபடக் கூறல்" ஒன்று. அதற்கு மறுதலையான "குன்றக் கூறல்" என்பதும் அப்பட்டியலில் உள்ளது. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் முதற்குறளும் (941) மிகுதலையும் குறைதலையும் ஒருங்கே நோய்க்குக் காரணமாகக் கூறுகிறது. தமிழ் மரபில் மிகை, குறையைப் போலவே ஒரு பிழையாகக் கருதப்பட்டது என்பதை இவை காட்டுகின்றன.

பொருளியலில்

வரவு செலவை விஞ்சும்போது அது உபரி வரவுசெலவுத் திட்டம் எனப்படும். ஏற்றுமதி இறக்குமதியை விஞ்சினால் வணிக உபரி எனப்படும். இவற்றின் எதிர்ச்சொல் பற்றாக்குறை ஆகும்.

நுகர்வோர் உபரி என்பது ஒரு பொருளுக்காக ஒருவர் கொடுக்க ஆயத்தமாக இருந்த விலைக்கும் அவர் உண்மையில் கொடுத்த விலைக்கும் உள்ள வேறுபாடு. ஒரு தேங்காய்க்கு 30 ரூபாய் வரை கொடுக்க எண்ணியவர் அதனை 20 ரூபாய்க்கு வாங்கினால் அவரது நுகர்வோர் உபரி 10 ரூபாய். இக்கருத்தை 1844இல் பிரெஞ்சுப் பொறியாளர் சூல் தூப்புயி வெளியிட்டார். 1890இல் ஆல்பிரட் மார்சல் இதனை விரிவாக்கினார்.

உபரி மதிப்பு என்பது கார்ல் மார்க்சின் கோட்பாட்டில் முதன்மையானது. தொழிலாளி தன் கூலிக்கு ஈடான மதிப்பை ஆக்கிய பின்னரும் தொடர்ந்து உழைப்பதால் உருவாகும் மதிப்பை இது குறிக்கும். மூலதனம் நூலின் முதல் தொகுதி 1867இல் வெளிவந்தது.

வாங்குவோரின் தேவையை விடப் பொருள் பெருகிவிட்டால் அது மிகை உற்பத்தி எனப்படும். அப்போது விலை வீழ்ந்து, விளைவித்தவரே இழப்புக்கு உள்ளாவார். தக்காளி விளைச்சல் மிகும் பருவத்தில் கிடைக்கும் விலை பறிகூலிக்கும் கட்டாமல் போவது தமிழக உழவர்கள் நன்கறிந்த ஒன்றாகும். 1930களின் பெருமந்தத்தின்போது பிரேசில் அரசு காப்பிக்கொட்டையின் விலையைக் காக்கப் பெருமளவு கொட்டையை எரித்தது. 1931 முதல் 1944 வரை இவ்வாறு அழிக்கப்பட்டது ஏறத்தாழ 7.8 கோடி மூட்டை ஆகும்.

நிலம், நீர், நிர்வாகம்

சட்டம் வகுத்த உச்சவரம்புக்கு மேல் ஒருவரிடம் உள்ள நிலம் உபரி நிலம் எனப்படும். தமிழ்நாட்டில் 1961ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டம் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என வரம்பிட்டது. 1970இல் இவ்வரம்பு 15 தர ஏக்கராகக் குறைக்கப்பட்டது. நிலத்தில் எம்மாற்றமும் இல்லாமலேயே, அளவுகோல் மாறியதால் அது உபரியாக மாறியதை இங்கு காணலாம்.

பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ற அளவுக்கு மேல் உள்ள ஆசிரியர்கள் உபரி ஆசிரியர்கள் எனப்படுவர். இவர்களைத் தேவையுள்ள பள்ளிகளுக்கு மாற்றுவது பணி நிரவல் ஆகும். ஏற்றுமதிக்காகத் தைக்கப்பட்டு எஞ்சிய ஆடைகளை "எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்" என்று கடைகளில் விற்பது பேச்சு வழக்கில் பரவலாக உள்ளது.

ஏரி, கண்மாய்களின் கொள்ளளவுக்கு மேல் வரும் நீர் உபரி நீர் ஆகும். அது கரையை உடைக்காமல் வெளியேறுவதற்கான கட்டுமானம் கலிங்கு எனப்படும். கலிங்கு வழியே நீர் வெளியேறுவதை மறுகால் பாய்தல் என்பர். ஒரு கண்மாயின் உபரி அடுத்த கண்மாயின் வரத்தாக அமையும்படி பல இடங்களில் கண்மாய்கள் தொடர்களாக அமைக்கப்பட்டன.

காவிரியின் உபரி வெள்ளநீரைச் சிவகங்கை உள்ளிட்ட வறண்ட மாவட்டங்களுக்குக் கொண்டு செல்லும் காவிரி-வைகை-குண்டாறு இணைப்புத் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. இதற்குக் கர்நாடக அரசு எதிர்ப்புத் தெரிவித்தது. ஆற்றுநீரில் எது உபரி, அது யாருக்கு உரியது என்பதே இத்தகைய பூசல்களின் அடிப்படையாகும்.

செட்டிநாட்டில் உபரி

செட்டிநாடு என்பது காரைக்குடியை மையமாகக் கொண்டு சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியுள்ள, நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் ஊர்கள் அடங்கிய வறண்ட நிலப்பகுதி. நகரத்தார் ஈட்டிய செல்வம் பெரும்பாலும் இந்நிலத்தில் விளைந்தது அன்று. பர்மா, இலங்கை, மலாயா முதலிய நாடுகளில் செய்த வட்டித் தொழிலிலும் வணிகத்திலும் வந்தது. இவற்றுள் பர்மா முதலிடம் பெற்றிருந்தது. 1852இல் கீழ்ப் பர்மா பிரித்தானியர் வசமானது. 1869இல் சூயெசு கால்வாய் திறக்கப்பட்டபின் அரிசி ஏற்றுமதி பெருகியது. ஐராவதி ஆற்றுமுகப் பகுதியில் காடு திருத்திப் பயிர் செய்த உழவர்களுக்கு நகரத்தாரின் கடன் முதலாக அமைந்தது. நிலமே பெரும்பாலும் ஈடாக வைக்கப்பட்டது.

இத்தொழிலில் கிடைத்த உபரி செட்டிநாட்டில் இரு வழிகளில் செலவாயிற்று. ஒன்று, பர்மாத் தேக்கு, இத்தாலியச் சலவைக்கல், பெல்சியக் கண்ணாடி முதலியவற்றால் கட்டப்பட்ட பெரிய வீடுகளும், மணப்பெண்ணுக்குச் சீராகக் கொடுத்து அறைகளில் நிறைத்து வைத்த பாத்திரங்களும் ஆகும். மற்றொன்று, அறப்பணி. வணிக வரவில் ஒரு பகுதியை மகமை என்னும் பெயரில் கோயிலுக்கும் அறச்செயலுக்கும் ஒதுக்குவது நகரத்தார் வழக்கம். 1929இல் கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியாரால் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது.

1930இல் உலகச் சந்தையில் நெல் விலை பெருவீழ்ச்சி அடைந்தது. விளைச்சல் இருந்தும் அதனை விற்று உழவர்களால் கடனை அடைக்க இயலவில்லை. ஈடாக வைத்த நிலங்கள் கடனுக்கு ஈடுகட்டக் கைமாறின. கீழ்ப் பர்மாவின் 13 முதன்மை நெல் மாவட்டங்களில் நகரத்தாரிடம் இருந்த நிலம் 1930இல் 6 விழுக்காடு. 1937இல் அது 25 விழுக்காடு ஆயிற்று. வட்டித் தொழில் செய்தவர்களுக்குத் தேவைப்பட்டது பணமே ஆகும். விற்க இயலாத நிலத்தில் அவர்களுடைய முதல் முடங்கியது. நிலமிழந்த பர்மிய உழவர்களிடம் பகைமை வளர்ந்தது. இரு தரப்பினருக்கும் இழப்பை உண்டாக்கிய இந்நிலை, உபரி சுமையாக மாறியதற்கு எடுத்துக்காட்டாகும்.

1937இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. 1941-42இல் சப்பானியப் படையெடுப்பின்போது இந்தியர் பலர் வெளியேறினர். 1948இல் விடுதலை பெற்ற பர்மா, அதே ஆண்டில் நில நாட்டுடைமைச் சட்டம் இயற்றியது. நகரத்தாரின் பர்மா நிலவுடைமை இவ்வாறு முடிவுக்கு வந்தது.

எஞ்சியவை

செட்டிநாட்டின் பெரிய வீடுகள் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. சில தங்கும் விடுதிகளாக மாறியுள்ளன. இவ்வீடுகளின் மரச் சாமான்கள், பாத்திரங்கள், பீங்கான்கள் ஆகியவை காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவில் உள்ள பழம்பொருட் கடைகளில் விற்பனையாகின்றன.

அறப்பணியில் இட்ட செல்வம் வேறு வகையில் நிலைத்தது. கோட்டையூரைச் சேர்ந்த அழகப்பச் செட்டியார் (1909-1957) காரைக்குடியில் 1947இல் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கினார். அந்நிறுவனத்துக்கு 1948 சூலை 25 அன்று சவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1953இல் அது திறக்கப்பட்டது. அழகப்பர் தொடங்கிய கல்வி நிறுவனங்களின் தொடர்ச்சியாக 1985இல் அழகப்பா பல்கலைக்கழகம் உருவானது.

இவற்றையும் பார்க்க

செட்டிநாடு
நகரத்தார்
மகமை
பெருமந்தம்
கலிங்கு