இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை

பயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் மெஷின் மக்கர் பண்ணினால் நான் ஜெலுத்தோங் வீடு திரும்ப நடுராத்திரி தாண்டிவிடும். கீழ்வீட்டு அண்ணன் அறையில் அப்போதும் லைட் எரியும். பைக் விபத்தில் முதுகுத்தண்டு முறிந்தவர். சக்கர நாற்காலியில் கூடைப்பந்து ஆடுகிறார். மேட்ச் டென்ஷன் என்றுதான் நினைத்திருந்தேன். கேட்டேவிட்டேன்.

“டென்ஷனும் இருக்கு தம்பி. ஆனா அலாரம் அடிச்சுதான் எழுந்தேன். திரும்பிப் படுக்கணும்ல.”

இந்த அலாரத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த நரம்பியல் மருத்துவர் லுட்விக் குட்மன், 1944 பிப்ரவரியில் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டு காயப் பிரிவைத் தொடங்கினார். அதற்கு முன் இப்படி அடிபட்ட பெரும்பாலோர் படுக்கைப்புண்ணிலும் சிறுநீர்த் தொற்றிலும் செத்துப்போவார்கள். குட்மன் கொண்டுவந்த விதி எளிமையானது: இரவு பகல் பாராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். உணர்ச்சியில்லாத தோல் வலிக்கிறது என்று சொல்லாது; அதனால் யாராவது எழுப்பித்தான் ஆக வேண்டும். அதே மருத்துவமனையில்தான் 1948 ஜூலை 29 அன்று, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய நாளில், 16 பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து வில்லெய்தார்கள். பாராலிம்பிக் கதையை எல்லோரும் அந்த அம்பிலிருந்து சொல்கிறார்கள். எனக்கு அது அந்த வார்டின் இரவுகளில் தொடங்குகிறது.

அங்கே பயிற்சி பெற்ற ஜப்பானிய மருத்துவர் யுதாகா நகமுரா 1975இல் ஓய்த்தாவில் ஃபெஸ்பிக் விளையாட்டுகளைத் தொடங்கினார். அதன் கடைசிப் போட்டி 2006இல் நம் கோலாலம்பூரில் நடந்தது.

கழுத்தில் முறிந்தவர்களுக்கு இன்னொரு சிக்கல். இருட்டியதும் மெலடோனினைச் சுரக்கச் சொல்லும் சமிக்ஞை மூளையில் கிளம்பி, கழுத்துத் தண்டு வழியாகக் கீழே இறங்கி, மறுபடி மேலேறித் தலைக்குள் இருக்கும் பினியல் சுரப்பிக்குப் போகிறது. பக்கத்து வீட்டுக்கு ஊரைச் சுற்றிப் போகிற வயரிங். (நான் இப்படி ஒரு டிசைன் கொடுத்தால் மேனேஜர் கிழித்துப்போடுவார்.) கழுத்தில் தண்டு முழுசாக அறுந்தால் அந்த இரவுச் சுரப்பே நின்றுவிடுகிறது. அவர்களுக்காக 1970களில் கனடாவில் உருவானதுதான் சக்கர நாற்காலி ரக்பி.

உடம்பு தூங்கவிட்டாலும் மனசு விடணுமே. டோக்கியோ போட்டிக்குப் போன சேலத்து மாரியப்பன் தங்கவேலு, வழியில் கோவிட் தொற்றாளருக்கு அருகில் இருந்ததால் தனிமைப்படுத்தப்பட்டார். 2021 ஆகஸ்ட் 24 தொடக்க விழாவில் அவர் ஏந்த வேண்டிய கொடியை டேக் சந்த் ஏந்தினார். ஒரு வாரம் கழித்து உயரம் தாண்டுதலில் 1.86 மீட்டர் தாண்டி வெள்ளி. அதே போட்டியில் 1.83 மீட்டருக்கு வெண்கலம் வாங்கிய சரத் குமார், முந்தின நாள் முழங்கால் ஜவ்வு விலகியதால் இரவெல்லாம் அழுதுகொண்டிருந்ததாகச் சொன்னார். போட்டியிலிருந்து விலகவே யோசித்தாராம். பதக்கப் பட்டியலில் 1.83 மட்டும்தான் இருக்கிறது.

அண்ணனுக்கு வரும் சனிக்கிழமை காலை எட்டரைக்கு ஆட்டம். வெள்ளி ராத்திரிக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். போனை எடுத்துக் காட்டினார்: பன்னிரண்டு, இரண்டு, நாலு, ஆறு.